வெள்ளிக்கிழமைப் பால்குடத்தைத் தள்ளிவைக்கக் கோரும் விண்ணப்பம்

மாசாய்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய அக்கா அங்கம்மா அவர்களுக்கு, தம்பி ஹேமநாதன் கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் கஸ்தூரியும் மகள் லோஷினியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் மாமாவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். கோத்தா திங்கியில் இந்த வருஷம் ஆற்றுத் தண்ணீர் வாசலோடு திரும்பிப் போய்விட்டதாக மாமா சொன்னார். சந்தோஷம்.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். நான் பிறந்ததிலிருந்து நமக்குள் அதுதான் ஏற்பாடு. இன்றைக்கு நான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நேற்று இங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்த மாமா இங்கேயே தங்கிவிட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் ஆதியிலிருந்து சொன்னால்தான் விண்ணப்பம் நிற்கும். பத்தொன்பது வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்த தொழிற்சாலை ஒரே நாளில் கதவைச் சாத்தியது. அதற்குப் பிறகு இருபத்திரண்டு மாதம் வீட்டில். லோஷினி கம்ப்யூட்டரில் எனக்காக அறுபத்தொரு விண்ணப்பம் போட்டாள். வெகுநாள்வரை பதில் வந்தது இரண்டு. ஒன்று, என்னை இன்சூரன்ஸ் விற்கச் சொல்லி. இன்னொன்று, என்னையே இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லி. கடைசியில் தெப்ராவில் ஓர் உதிரிபாகக் கிடங்கில் கூப்பிட்டார்கள். கேள்வி கேட்டது டெஸ்மண்ட் என்ற நம்ம தமிழ்ப் பிள்ளை, ஆள் எடுக்கிற அதிகாரி, முப்பது வயது இருக்கும். "அங்கிள், இந்த ரெண்டு வருஷம் என்ன செஞ்சீங்க?" என்றார். வீட்டில் இருந்தேன் என்றேன். "ஸ்டோர்ல தனியா இருக்கணும் அங்கிள், நாள் பூரா பேச ஆள் இருக்காது, பரவால்லயா?" என்றார். அதில் எனக்கு இருபத்திரண்டு மாத அனுபவம் இருக்கிறது என்றேன். சிரித்தார். வேலை கிடைத்தது. கூடவே ஒன்றையும் சொன்னார்: "மூணு மாசம் புரொபேஷன், அங்கிள். லீவு கிடையாது. டாக்டர் குடுக்கற எம்.சி.கூட யோசிச்சு எடுங்க." அன்றிலிருந்து எனக்கு இருமல் வந்தால்கூடக் கழிப்பறைக்குள் போய்த்தான் இருமுகிறேன்.

அன்று சாயங்காலம் செய்தியைச் சொன்னதும் கஸ்தூரி அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் காலைப் பார்த்தாள். "ஒங்களுக்கு வேல கெடச்சா நாப்பத்தெட்டு நாள் செருப்பில்லாம நடக்கறதா ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேங்க" என்றாள். யார் நடப்பது என்று கேட்டேன். "நீங்கதான். வேல ஒங்களுக்குத்தானே கெடச்சிருக்கு?" என்றாள். இதைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு கெர்ட்ரூட் வேலிக்கு மேலே தலையை நீட்டி, மாதா கோவிலில் என் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக, அதையும் நானே கையால் ஏற்றுவதாகத் தான் நேர்ந்துகொண்டதைத் தெரிவித்தார். அந்த நேரம் பார்த்து உங்கள் போன். வெள்ளிக்கிழமை, உங்கள் ஊர் அம்மன் கோவிலில், மொட்டை அடித்துப் பால்குடம். ஒருவராவது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கிறீர்களா? என் காலையும் என் உயரத்தையும் என் தலையையும் ஆளுக்கொன்றாக எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். எனக்கு மிச்சம் இருந்தது தாடி ஒன்றுதான். அதையும் வேலை கிடைக்கும்வரை எடுப்பதில்லை என்று நானே நேர்ந்து வைத்திருந்தேன்.

தாடியிலிருந்துதான் தொல்லை ஆரம்பித்தது. இந்தக் கிடங்கில் கையெழுத்து, அட்டை எதுவும் கிடையாது. வாசலில் ஒரு இயந்திரம், அதில் முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். ஆர்டர் வாங்கப் போன அன்று என் முகத்தைத் தாடியோடு பதிந்துகொண்டார்கள். நேர்த்திக்கடனை உடனே முடிப்போம் என்று அன்றிரவே மழித்துவிட்டு, மறுநாள், முதல் நாள் வேலைக்கு, அரை மணி நேரம் முன்னதாகவே போய் நின்றேன். இயந்திரம் ஆங்கிலத்தில் 'மறுபடி முயலவும்' என்றது. முயன்றேன். சிரித்துப் பார்த்தேன், முறைத்துப் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், தாடி இருந்த இடத்தைக் கையால் மூடியும் பார்த்தேன். எனக்குப் பின்னால் பதினைந்து பேர். டெஸ்மண்ட் ஓடிவந்து, "அலமாக், யாரு அங்கிள் நீங்க?" என்றார். நேற்று நீங்கள் எடுத்த ஆள்தான் என்றேன். மறுபடியும் பதிந்துவிட்டு, "இனிமே மூஞ்சிய மாத்தாதீங்க அங்கிள், சிஸ்டம் கொழம்பிடும்லா" என்றார். மாற்றமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அப்போது என் தலைமுடி கோத்தா திங்கியில் அடமானம் இருப்பது அவருக்குத் தெரியாது.

செருப்புக் கதை வேறு. கிடங்குக்குள் இரும்பு முனை வைத்த பூட்ஸ் இல்லாமல் காலடி வைக்க முடியாது. கோவில் பூசாரியிடம் போய் நின்றேன். அவர், "உள்ளார போட்டுக்குங்க, ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா. கேட்டுக்கு வெளிய மட்டும் போட்றாதீங்க" என்று தீர்ப்புச் சொன்னார். ஆகவே தினமும் வெறுங்காலோடு மோட்டார் சைக்கிளில் போகிறேன், கேட்டைத் தாண்டியதும் தரையில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டுகிறேன். இதை ஒரு வாரம் கவனித்த, கேட்டில் காவல் நிற்கும் நேப்பாளி ஜாகா, எட்டாம் நாள் தன்னுடைய பழைய செருப்பு ஒரு ஜோடியைப் பையில் சுற்றி, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து என் கையில் திணித்தார். எனக்கு நேப்பாளி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, நேர்த்திக்கடனை விளக்குகிற அளவுக்கு எங்கள் இருவர் மலாயும் போதவில்லை. வாங்கிக்கொண்டேன். மறுநாளும் வெறுங்காலோடு வந்ததைப் பார்த்து அவர் முகம் வாடிவிட்டது. செருப்பு என் ஸ்டோரில் மேல்தட்டில் எண் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது.

மெழுகுவர்த்தி சனிக்கிழமை என்பதால் வேலைக்குப் பங்கமில்லை. ஐந்தடி ஐந்தங்குலம், சொல்லிச் செய்தது. மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து கெர்ட்ரூட் அதை நட்டமாகப் பிடித்துக்கொண்டு வந்தார். மத்தியான வெயில், சிக்னலில் நீண்ட வரிசை. கோவில் போய்ச் சேர்ந்தபோது மெழுகுவர்த்தி இடுப்புக்கு மேலே வளைந்து, முன்பக்கம் குனிந்திருந்தது. "பரவால்ல ஹேமா, இப்பதான் ஒன்ன மாரியே இருக்கு" என்றார் கெர்ட்ரூட். ஏற்றினேன்.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன். அக்கா, நீங்கள் வேண்டிக்கொண்ட காலத்தில் ஜொகூரில் வெள்ளிக்கிழமை விடுமுறை. பிறகு அதைச் சனி ஞாயிறுக்கு மாற்றிவிட்டார்கள். அம்மனுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது, ஐந்து வெள்ளிக்கும் போன் செய்து, "இந்த வெள்ளியா தம்பி?" என்று கேட்டுவிட்டீர்கள். இன்னும் இல்லை என்றால், "பரவால்லடா, நிதானமா செய்" என்கிறீர்கள். அந்தக் குரலுக்கு நீங்கள் திட்டியே இருக்கலாம். லீவு கேட்க எனக்குப் பயம். உள்ளதைச் சொல்கிறேன், டெஸ்மண்ட் அறை வாசல்வரை இரண்டு தடவை போய்விட்டு, பேனா இரவல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறேன். வேலை கிடைத்ததற்கு நன்றி சொல்லப் போய் அந்த வேலை போய்விட்டால், இன்னொரு இருபத்திரண்டு மாதம் என்னால் ஹாலில் உட்கார முடியாது. ஆகையால் புரொபேஷன் முடிகிறவரை, இன்னும் எட்டே வாரம், பால்குடத்தைத் தள்ளிவைத்து, அம்மனிடமும் நீங்களே சொல்லிவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதுகிறதே எழுதுகிறேன், மனசில் கிடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் உங்கள் வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே பாத்தின் மீன் குழம்பு வாசனை வரும். என் சம்பளம் நின்ற மாதத்திலிருந்து உருளைக்கிழங்குப் பிரட்டல். இரண்டு தீபாவளிக்கும் உருளைக்கிழங்கு. வேலையில்லாத தம்பிக்கு இது போதும் என்று நினைத்தீர்களோ என்னவோ. இரண்டாம் முறை போடச் சொல்லியும் சாப்பிட்டேன். ஆனால் மறக்கவில்லை.

மற்றபடி குறை ஒன்றுமில்லை. உங்கள் முழங்காலுக்கு லோஷினி தைலம் கொடுத்திருக்கிறாள், மாமா மறக்காமல் தரட்டும். வீட்டில் எல்லாரும் நீடூழி நலமாய் இருக்கப் பிரார்த்திக்கும்,

தம்பி
ஹேமநாதன்

பி.கு.: மேலே உள்ள எதையும் படிக்காதீர்கள். படித்திருந்தால் மறந்துவிடுங்கள். மாமா சாப்பிட உட்கார்ந்தார், கஸ்தூரி மீன் குழம்பு வைத்திருந்தாள். மனுஷர் குழம்பை வழித்து வழித்துச் சாப்பிட்டார். மூன்றாம் தடவை சோறு கேட்டபோது நான் சிரித்துக்கொண்டே, "அக்கா வீட்ல மீனே கெடைக்கலியா மாமா?" என்றேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க மாப்ள, ரெண்டு வருஷமாச்சு. ஒனக்கு வேல போன அன்னிக்கே நிறுத்திட்டா. ஒனக்கு வேல கெடச்சு, நீ பால்குடம் எடுத்து முடிக்கிற வரைக்கும் கவுச்சி தொடறதில்லன்னு வேண்டிக்கிட்டா. அவ சாப்பிடாதப்ப எனக்கு மட்டும் ஆக்குன்னு எப்படிச் சொல்றது?" என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா நீ ஓடிப்போய் லீவு கேட்டு வேலயக் கெடுத்துக்குவியாம். நான் சொன்னேன்னு சொல்லிராத மாப்ள." சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எழுதிவிட்டேன். மாமாவை ஒன்றும் சொல்லாதீர்கள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, அக்கா. கடிதத்தைக் கிழித்திருப்பேன், மாமா அதற்குள் வாங்கிச் சட்டைப் பையில் வைத்து, பிறகு நான் கெஞ்சிக் கேட்டதால் இந்த வரிகளை எழுத மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பக்கத்திலேயே நிற்கிறார். மொட்டை அடிக்க வெள்ளிக்கிழமை லீவு வேண்டும் என்று டெஸ்மண்டுக்கு இப்போதுதான் செய்தி அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "ஓகே அங்கிள், ஒரு நாள் சம்பளம் கட். மொட்டைன்னா திங்கட்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வாங்க, மூஞ்சி மறுபடி பதியணும்." அவ்வளவுதான்.

வருகிற வெள்ளி வருகிறேன். செருப்பில்லாமல் வருவேன், பயப்படாதீர்கள். பால்குடம் முடிந்து இரவு அங்கேயே தங்குகிறேன். சனிக்கிழமை விடியற்காலை சந்தைக்கு நானே போய் மீன் வாங்கி வருகிறேன், குழம்பு நீங்கள் வையுங்கள், முதல் துண்டு நீங்கள்தான் சாப்பிட வேண்டும். உருளைக்கிழங்கு மட்டும் வேண்டாம், அக்கா.