பினா இலை மாறிப்போனதில் மச்சானுக்கு ஒரு விண்ணப்பம்

ருப்புனுனிப் புல்வெளி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சான் ஆல்ட்வினுக்கு லெவி எழுதுவது.

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். அறுபத்தெட்டு வயதில் முதியோர் வகுப்பில் கற்றது. இதுதான் என் முதல் கடிதம். அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, விஷயத்தை நினைத்தால் அழுகை வருகிறது.

சனிக்கிழமை என் மகள் ஜாசிந்தாவுக்குக் கல்யாணம். சம்பந்திகளுக்கு மான் கறி போடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். இன்றுவரை ஒரு குளம்புகூட வீடு வந்து சேரவில்லை. முந்தாநாள் விடியுமுன் கிளம்பினேன். மானை இழுக்கும் பினா இலையைக் கைகாலில் தேய்த்துக்கொண்டேன். சோப்பு இல்லை, செருப்பு இல்லை. புழுதியைக் கிள்ளித் தூவிக் காற்றைப் பார்த்து, எதிர்க்காற்றில் புல்லுக்குள் ஊர்ந்தேன். காட்டோரம் ஒரு மான் கிடா மேய்ந்தது. அது தலை குனிந்தால் நகர்வேன், வாலைச் சுண்டினால் தலை தூக்கப் போகிறது என்று உறைந்துவிடுவேன். வில்லை வளைக்கும் நேரத்தில் பின்னால் உறுமல். திரும்பினால் காட்டுப்பன்றிக் கூட்டம், இருபதுக்குக் குறையாது, நெடுநாள் பார்க்காத சொந்தக்காரனைத் தேடுவதுபோல என்னை நோக்கி வருகிறது! அம்பெல்லாம் சிதற மரத்தில் ஏறினேன், வயிற்றுத் தோல் உரிந்தது. மத்தியானம்வரை கீழே பன்றிகள். அந்த மான் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தது, மச்சான்.

வீட்டுக்கு வந்தபின்தான் விளங்கிற்று. எழுத வந்த பெருமையில், பினாத் தொட்டிகளில் 'மான்', 'பன்றி' என்று அட்டை எழுதிச் செருகியிருந்தேன். உங்கள் தங்கை பெருக்கும்போது விழுந்த அட்டைகளை இடம் மாற்றிச் செருகிவிட்டாள்.

"ஏன்யா, அம்பது வருசமா எலையப் பாத்துத்தானே பறிச்ச?"

"அட்டையில மான்னு எழுதியிருந்துச்சு, டொரினா!"

"எழுதுனது நீ. பன்னிக்குப் படிக்கத் தெரியுமா? பேசாம எங்கண்ணனக் கூப்பிடு. அது சத்தமில்லாம போயி அடிச்சிட்டு வந்துரும்."

ஆகவே மச்சான், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். வெள்ளிக்குள் வில்லோடு வரவும். சிரிப்பதாக இருந்தால் மானை அடித்த பிறகு சிரிக்கவும்.

உங்கள் மரவள்ளித் தோட்டத்தில் எறும்பு ஏறாமலும், கள்ளுப்பானை வற்றாமலும் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
லெவி

பி.கு.: மச்சான், வேட்டைக்கு வர வேண்டாம். இதையெல்லாம் எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டு முந்திரி மரத்தடியில் காலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்தேன். உதிர்ந்த பழம் தின்ன ஒரு மான் பத்தடியில் வந்து நின்றது. என் கையில் பென்சில்தான் இருந்தது. அடுக்களைக் குடிசையிலிருந்து டொரினா அடித்தாள், ஒரே அம்பு. சாப்பிட மட்டும் வாருங்கள். இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடவும். அந்த மானை அடித்தது எப்படி என்று அடுத்த வாரம் வேறொரு கடிதம் எழுதுகிறேன். ஊரைக் கூட்டி அதை உரக்கப் படிக்கவும். அதில் அடித்தது நான்.