அம்மாவின் கட்டைவிரலும் டார்ச்லைட் அக்காவும்

அம்மாவின் கட்டைவிரல் நகத்தில் ஓடிய கறுப்புக் கோடு, அப்பா அவசரமாகச் சாத்திய கார்க் கதவு தந்த காயம் என்றே எங்கள் வீட்டில் அனைவரும் நம்பினோம். அப்பா ஓராண்டாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா மாதந்தோறும் மருதாணி வைத்து அதை மறைத்துவந்தார். நம்பாதவர் தங்காக் நகரத் துணிக்கடையின் டார்ச்லைட் அக்கா ஒருவரே. அவரை எளிதில் நம்பவைக்கும் மனிதர் ஜொகூர் மாநிலத்திலேயே பிறந்திருக்கவில்லை.

கடையின் குழல்விளக்கு நிறத்தில் பொய் சொல்லும் என்பது அவர் கொள்கை. ஆகவே டார்ச்சடித்துத்தான் சேலை காட்டுவார். 'உங்க சாயம் ஒட்டி நகம் கெட்டுப்போச்சு' என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கும் அதே டார்ச். பத்து விரல்களையும் மேசைமேல் பரப்பச் சொல்லி, ஈரப் பஞ்சால் துடைத்து, நீதிபதியின் நிதானத்தோடு தீர்ப்பு வழங்குவார்.

"உங்க நகம் மஞ்ச. எங்க சேலை நீலம்மா! ஓயாம பாலிஷ் போட்டா இப்படித்தான். கொஞ்ச நாள் நகத்தச் சும்மா விடுங்க."

தடித்து, மஞ்சளேறி, உதிரும் நகத்தோடு வந்த தொழிற்சாலைக்காரரிடம், "அலமாக்! இது பூஞ்சை மாதிரி இருக்குலா. கிளினிக் போங்க, மொதல்ல என் துணியக் கீழ வைங்க" என்றார். இப்படி அனுப்பப்பட்டவர்கள் திரும்பி வந்து டாக்டர் சொன்னதை அவரிடம் ஒப்பிக்க வேண்டும். அவர் கற்ற மருத்துவம் அவ்வளவுதான். ஆனால் ஒரு சொல்லையும் மறந்ததில்லை.

என் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனோம். அம்மா தமக்கென ஒரு பட்டைத் தடவிப் பார்த்தபோது மருதாணி வெளுத்திருந்தது. டார்ச் விரலின்மேல் நின்றது.

"கதவு எப்பம்மா இடிச்சது?"

"போன தீபாவளிக்கு."

"இடிச்ச கறுப்பு நகத்தோடவே வளந்து இந்நேரம் வெளிய போயிருக்கணும். இது அடியிலேருந்து நுனிவரைக்கும் நிக்குது. பக்கத்துத் தோலும் கறுத்திருக்கு. டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க, அப்பறம் சேலை தரேன்."

"நான் சேலை வாங்க வந்தேன்லா, கைரேகை பாக்க வரல!"

"சேலை எங்கயும் ஓடாதுமா." பட்டு மேசைக்கு அடியில் போயிற்று.

அம்மா கொதித்துப்போனார். அக்காவின் வாயை அடைக்கவென்றே மறுநாள் கிளினிக்குக்குப் போய், "ஒண்ணுமில்லன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க டாக்டர்" என்றார். டாக்டர் நெடுநேரம் விரலைப் பார்த்தார். லெட்டரும் எழுதினார், அது பெரிய மருத்துவமனைக்கு.

நகத்தடியில் புற்றுநோய் என்று பரிசோதனை சொன்னது. பரவுமுன் வந்துவிட்டீர்கள் என்றார்கள். நகத்தோடு விரல் நுனியும் போயிற்று. அப்பா அன்றுதான் மன்னிப்புக் கேட்பதை நிறுத்தினார், நிறுத்திவிட்டு அழுதார்.

கல்யாணத்துக்கு அக்கா வந்திருந்தார். மணமகளாகிய என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. அந்தப் பட்டைக் கட்டி நின்ற அம்மாவின் கைகளைப் பற்றி, மிச்சமிருந்த ஒன்பது நகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பிறகே சாப்பிடப் போனார்.

ஆண்டுகள் பல சென்றுவிட்டன. அப்பா இல்லை. டார்ச்லைட் அக்காவும் சென்ற ஆண்டு காலமானார். அம்மா இருக்கிறார்.