என் வீட்டுக் கரியும் பக்கத்து வீட்டு மாப்பிள்ளையும்

தனியாக இருப்பவர்கள் தேவையில்லாத ரிப்பேருக்கெல்லாம் ஆள் கூப்பிடுவார்கள். ஒழுகாத குழாய்க்குப் பிளம்பர், ஓடுகிற ஃபேனுக்கு எலெக்ட்ரீஷியன். வருகிறவர் ஒரு டம்ளர் டீ குடித்து, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவாரே, அதற்காகத்தான். நான் ஒரு படி மேலே போய், ஒருநாளும் தீ மூட்டாத புகைபோக்கியைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிட்டவள்.

வங்கி வேலையில் மாற்றலாகிக் குன்னூருக்கு வந்திருந்தேன். கணவரும் மகனும் திருச்சியில். (வெயிலில் வேகும் அவர்களுக்கு என் மேல் ஒரே பொறாமை. வந்து இருந்து பார்த்தால் தெரியும்.) எனக்குக் கிடைத்தது ஒரு பழைய பங்களாவில் பாதி. நடுவே தடுத்து இரண்டு போர்ஷனாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். மறுபாதியில் ஓர் அம்மாவும் மகளும். அவர்கள் வாசல் பின்பக்கத் தெருவில். வழியில் பார்த்தால் எப்போதாவது ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் பழக்கம்.

மாலையில் பனி இறங்கினால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். நானும் சாத்திவிட்டு, குளிர்காயச் சுவரோடு கட்டியிருந்த கணப்பின் முன் நாற்காலி போட்டு உட்காருவேன். அதில் தீ கிடையாது. எதையாவது பார்த்து உட்கார வேண்டுமே! புகைபோக்கிக்குள் ஏதோ முணுமுணுப்பு கேட்கும். காற்றோ, பறவையோ. எதுவானாலும் துணைக்கு ஒன்று இருக்கிறதே என்றிருக்கும்.

ஆள் கூப்பிட்டுப் புகைபோக்கியைச் சுத்தம் செய்யப்போவதாகக் கணவரிடம் போனில் சொன்னேன்.

“தீ மூட்டினா புகை ரூமுக்குள்ள திரும்புதா?”

“மூட்டினதே இல்லையே.”

“கரி உதிருதா? கூடு கீடு கட்டியிருக்கா?”

“தெரியலை.”

“அப்புறம் எதுக்குக் காசைக் கரியாக்கறே?”

நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரோடும் பேசாமல் கழிவதற்கு அவரிடம் பதில் இல்லை. கோவையிலிருந்து ஆளை வரவழைத்துவிட்டேன்.

செல்வராஜ் ஊதும் மெஷினோடு வேனில் வந்து இறங்கினார். ஓட்டல்களில் ஏசி காற்று போகும் டக்ட் குழாய்களைச் சுத்தம் செய்கிறவர்.

“சிம்னி பண்ணியிருக்கீங்களா?”

“எல்லாம் ஒரே டக்டுதானுங்க மேடம். அது படுத்திருக்கும், இது நின்னுட்டிருக்குது.”

இந்த விளக்கத்தில் நான் சொக்கிப்போனேன். டீயும் கேரட் அல்வாவும் கொடுத்து, அவர் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதுவரை விசாரித்தேன். பாவம், அவர்தான் “ஆரம்பிக்கலாங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கூரைமேல் ஏறிப் பார்த்தவர், “பின்னாடி ஊட்டுல துணி காயுதுங்க. கரி பறந்தா வம்பு” என்றார். அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் எடுக்கத் தவித்துக்கொண்டிருந்த நான், “மேலே சாக்கைப் போட்டு இறுக்கிக் கட்டிடுங்க” என்றேன். கட்டினார். கீழே என் கணப்பின் வாயையும் தார்ப்பாயால் அடைத்து, மெஷின் குழாயை மட்டும் உள்ளே விட்டார். மேலும் அடைப்பு, கீழும் அடைப்பு. கரி எந்த வழியாகப் போகும் என்று எங்களில் ஒருவராவது யோசித்திருக்கலாம்.

மெஷின் உறுமியது. சுவருக்கு அப்பால் ‘டமார்’ என்று ஒரு சத்தம். அப்புறம் கூச்சல்.

பங்களா ஒன்றாக இருந்த காலத்தில் இரண்டு அறைகளுக்கும் முதுகோடு முதுகாக இரண்டு கணப்பு, ஆனால் ஒரே புகைபோக்கி. அந்தப் பக்கத்தில் தங்கள் கணப்பைப் பிளைவுட்டால் மூடி, முன்னால் சோபா போட்டிருந்தார்கள். அன்று அந்தச் சோபாவில், கேத்தியிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும், பளிச்சென்ற வெள்ளை வேட்டி சட்டையில்.

நான் ஓடிப் போய் நின்றபோது பலகை கீழே கிடந்தது. வெள்ளை என்று சொல்ல இரண்டு ஜோடிக் கண்கள்தான் மிச்சம். கேசரித் தட்டில்கூடக் கரி. பெண்ணின் அம்மா பழனியம்மா என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, இத்தனை மாசமா ஒரு நா நம்மூட்டுப் பக்கம் வந்ததில்லீங்க. வாரதுக்கு இன்னைக்குத்தான் நேரங் கெடச்சுதுங்களா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பேச ஓர் ஆள் கிடைக்காதா என்று ஏங்கினவள், இருந்த ஒரே அண்டை வீட்டையும் கெடுத்துக்கொண்டேனே! “தனியா இருக்க முடியலைங்க. அதான் யாராவது வரட்டும்னு ஆள் கூப்பிட்டேன்” என்று உளறிவிட்டேன். (பெண் பார்க்கும் வீட்டில் பேசுகிற பேச்சா இது?)

காபித் தட்டோடு கதவருகே நின்ற பெண்தான் முதலில் சிரித்தாள். டம்ளர்கள் ஆட ஆட, அடக்கமாட்டாமல் சிரித்தாள். அதைப் பார்த்து மாப்பிள்ளையும் கரி மூஞ்சியோடு சிரித்தார். தை மாதம் கல்யாணம். யாராவது வரன் தேடுவதாகச் சொன்னால், “எங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, புகைபோக்கி சுத்தம் பண்ணுவா” என்கிறார் என் கணவர், இன்றைக்கும்.

சுத்தம் செய்யப் பணம் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, அவர் அன்று கேட்ட கேள்விகளே போதும். புகை திரும்பவில்லை, கரி உதிரவில்லை, கூடு இல்லை என்றால் சும்மா விடுங்கள். என் புகைபோக்கியில் கூடும் இல்லை, பறவையும் இல்லை. நான் துணையென்று கேட்டுக்கொண்டிருந்தது பழனியம்மாவும் மகளும் பேசிய பேச்சு.

மகள் இப்போது கேத்தியில். பழனியம்மா அந்தப் பலகையைத் திரும்ப அடிக்கவில்லை. நானும் இதுவரை தீ மூட்டவில்லை. பனி இறங்கியதும் அவரும் அந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டுக்கொள்கிறார்.

“ஏனுங்க, சாப்டாச்சுங்களா?” என்று என் கணப்பு கேட்கிறது.