வாசகரே முதலாளி

கட்டட முதலாளி அனுப்பிய முழுப்பக்க விளம்பரத்தை மணிமொழி திருப்பி அனுப்பிவிட்டாள். அவள் நடத்தும் ‘வட்டாரக் குரல்’ வார ஏட்டின் கடைசிப் பக்கம் காலி. அச்சகத்துக்கு வைத்திருந்த பணமும் காலி.

அந்த மனிதர் அபிராமபுரத்தின் மழைநீர்க் கால்வாயை மூடி, அதன்மேல் அடுக்குமாடி எழுப்பிக்கொண்டிருந்தார். ஐப்பசி பிறந்தால் தெருவே தண்ணீரில் நிற்கும். அதை எழுத வேண்டிய கை, அவரிடமே கூலி வாங்கலாமா?

“ஒரு விளம்பரந்தானே மேடம்? வாங்கிப் போட்டுட்டு அப்புறமா திட்டுங்களேன்” என்றார் ஈக்காட்டுத்தாங்கல் அச்சக உரிமையாளர் ஆனந்தகுமார்.

“வாங்கிட்டா திட்ட வாய் வராது சார். வாசகர் குடுக்கற காசு போதும்.”

ஐந்து ரூபாய் ஏடு பத்து ரூபாயானது. காலிப் பக்கத்தில் கால்வாய்க் கட்டுரை கனல் கக்கியது. விற்குமோ என்று அஞ்சியவளுக்கு வியப்பு: ஏட்டை மொத்தமாக எடுத்து விற்கும் லஸ் முனைக் கடைக்காரர் நாகராஜிடம் ஒரு படிகூட மிஞ்சவில்லை. மறுவாரம் ‘கால்வாய் விழுங்கி’ என்று தலைப்பிட்டு இருமடங்கு அச்சிட்டாள். அதுவும் மாயம். கடைப் பணம் மாதக் கடைசியில்தான் வரும். ஆனந்தகுமாரோ முன்பணம் கேட்டார். ஸ்கூட்டரை விற்றாள். நடந்தே செய்தி திரட்டினாள். கொள்கை நிமிர்ந்து நிற்கையில் கால்வலி ஒரு பொருட்டா?

எதிர்வீட்டு ஜெயலக்ஷ்மி மாமி மட்டும் குறைபட்டாள்.

“உன் பத்திரிகையைக் கண்ணால பார்த்தே ஒரு மாசமாறதுடி. கடைல கேட்டா தீந்துடுத்துங்கறான்.”

கொடுக்கத் தன்னிடமே ஒரு படி இல்லை என்பதில் மணிமொழிக்குப் பெருமை. இன்னும் கூடுதலாக அச்சிட்டாள். இன்னும் கடுமையாகச் சாடினாள். மாமிக்கு அப்போதும் கிடைக்கவில்லை.

பிறகு ஒரு வாரம் காய்ச்சல். வசைக்கு வலுவின்றி, கால்வாயின் நீள அகலத்தை மட்டும் அமைதியாக எழுதி அனுப்பினாள். பாதிப் படிகள் தேங்கிவிட்டன.

மக்கள் சோர்ந்துவிட்டார்களா? தன்னைத் தாங்கி நின்ற வாசகர் பெருமக்கள் கைவிட்டார்களா? கேட்டறியாமல் திரும்புவதில்லை என்று, காய்ச்சலோடு லஸ் முனைக்கு நடந்தாள்.

“மறைக்காம சொல்லுங்கண்ணே. நம்ம வாசகருக்கு என்ன குறை?”

நாகராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“திட்டு கம்மியா கீதும்மா. எப்பவும் மொத்தக் கட்டையும் தூக்கினு போற பில்டர் ஆளுங்க, இந்த வாட்டி பாதி போதும்னுட்டாங்க.”