விசில் நைனாவும் செவுத்து ஓட்டையும்

விசில் நைனா சந்தேகப்படாத பொருள் இந்த உலகத்தில் ஒன்றுகூட கிடையாது. தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி கேட்டில் காவல். தன் நிழலையே நிறுத்தி, பையைத் திறந்து காட்டச் சொல்லக்கூடிய மனிதர். எல்லோரையும் ‘நைனா’ என்பார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். சொந்தப் பெயரைக் கேட்டால், “எதுக்குக் கேக்குற?” என்பார்.

“இன்னா நைனா, தெனம் தயிர் சோறு, இன்னிக்கு மட்டும் பிரியாணி?” என்று டிபன் டப்பாவை முகர்வார். முதலாளியின் பிறந்தநாள் கேக்கையே கத்தியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். அவர் விசில் அடித்தால் பின்கேட்டுக் காவலர்களும் போட்டது போட்டபடி ஓடிவர வேண்டும். அது அவரே போட்ட சட்டம்.

அப்படிப்பட்டவர் கண்ணில் நான் பட்டேன். எனக்குக் குடலில் தீராத அழற்சி. ஒரு ஷிஃப்டுக்கு எட்டு முறை கேட் ஓரக் கழிவறைக்கு ஓடுவேன். ஆபீசுக்குத் தெரிந்தால் என் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்ற பயத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

“எட்டு வாட்டி போற. அங்க இன்னா ஒளிச்சி வெச்சிக்கிற?”

“தண்ணி நெறய குடிக்கிறேன் நைனா.”

மறுநாள் என் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். “தண்ணி அப்டியே ரொம்பிக்கினு கீது?”

அன்று காலை திருவள்ளூரில் டாக்டரம்மா என் நோயை விளக்கியிருந்தார். மதியம் கேட் ஓரமாக நின்று மனைவிக்கு போனில் சொன்னேன்.

“ஆமா செல்வி, செவுத்துல ஓட்டையாம். உள்ள கீற காவல்காரனுங்களே சிக்னல் குடுக்குறானுங்களாம். கேட்டு தானா தொறந்துக்குதாம். கண்டதெல்லாம் உள்ள பூந்துடுதாம். ரொம்ப நாளா நடக்குதாம்!”

பின்னாலிருந்து காது கிழிகிற மாதிரி விசில். நைனா என் சட்டையைப் பிடித்துவிட்டார். பின்கேட்டுக் காவலர்கள் தடியோடு ஓடிவந்தார்கள். ஆளில்லாத பின்கேட் வழியாக நாலு எருமைகள் நிதானமாக உள்ளே வந்தன. காவலர்கள் திரும்பி எருமைகள் பின்னால் ஓடினார்கள்.

சூப்பர்வைசர் வருவதற்குள் வேறு வழியில்லாமல் சொன்னேன். “ஓட்டை கம்பெனி செவுத்துல இல்ல நைனா. என் கொடல்ல.”

அதையும் நம்பவில்லை. மருந்துச் சீட்டை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். உடம்பின் காவல் அணுக்கள் குடலில் வழக்கமாக இருக்கும் கிருமிகளையே திருடன் என்று நினைத்து ஆபத்து, ஆபத்து என்று சேதி அனுப்புகின்றன. அந்தச் சேதியிலேயே குடல் சுவரின் இணைப்புகள் தளர்ந்துவிடுகின்றன. அந்த இடுக்கில் கிருமி நுழைகிறது. உடனே இன்னும் பலமாகச் சேதி.

நைனா எருமைகளைப் பார்த்தார்.

“அப்போ விசிலு அடிச்சதாலதான் கேட்டு தொறந்துகிச்சா?”

“அதேதான்.”

“மருந்து?”

“விசில் சத்தத்தக் கொறைக்கிறதுதான்.”

மெதுவாக விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சூப்பர்வைசர் வந்துவிட்டார். “எதுக்குய்யா விசிலு?”

நைனா உண்மையைச் சொன்னால் என் கான்ட்ராக்ட் போச்சு. நைனா விறைப்பாக சல்யூட் அடித்தார். “மாடு சார்.”

“மாடு விசிலுக்கு அப்புறம்தான வந்துச்சு?”

“வரும்னு சந்தேகப்பட்டேன் சார்.”

ஒரு சந்தேகத்தையும் மேலிடத்துக்குச் சொல்லாமல் விடாத மனிதர், எனக்காகச் சொன்ன முதல் பொய் அது.

மறுநாளிலிருந்து கேட் ஓரக் கழிவறையில் பாம்பு இருப்பதாக அவருக்குப் பலமான சந்தேகம் வந்துவிட்டது. யாரையும் உள்ளே விடவில்லை. நான் போகும்போது மட்டும் வானத்தைப் பார்ப்பார். மருந்து வேலை செய்யப் பல மாதங்கள் ஆயின. அதுவரை அந்தக் கழிவறை எனக்காகக் காலியாகவே இருந்தது. கான்ட்ராக்டும் தப்பியது.

பிறகு அவரைச் சோழவரம் பக்கம் ஒரு குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். கடைசி நாள் என் காதருகே வந்தார்.

“புது ஆளாண்ட சொல்ட்டேன் நைனா. பாம்பு இன்னும் உள்ளதான் கீது.”

வயிறு இப்போது பரவாயில்லை. ஆனால் எங்காவது விசில் சத்தம் கேட்டால், அவராக இருக்கக்கூடாதா என்று திரும்பிப் பார்க்கிறேன்.