செங்கமலத்தின் துண்டும் நிற்காத பஸ்ஸும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பித்தால், கதை சிங்கத்தைப் பற்றியது என்று நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். சிங்கம் வரும், அவசரப்படாதீர்கள். இது பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களின் கதை. அதனால் இப்படி ஆரம்பிக்கிறேன்: ஒரு காட்டில் ஒரு பஸ் ஸ்டாப் இருந்தது.

அதற்குக் குளத்துமேடு ஸ்டாப் என்று பெயர். நிழற்குடை உண்டு, கூரை கிடையாது. கூரையைக் காற்று கொண்டுபோய்விட்டது. திறந்துவைத்தவர் பெயர் வெட்டிய கல் மட்டும் ஒரு கீறல்கூட விழாமல் பத்திரமாக இருந்தது. அங்கே தினமும் காலையில் செங்கமலம் என்கிற ஆமை கூடையோடு வந்து நிற்பாள். குளத்தில் தாமரைக்கிழங்கு பிடுங்கி ஆலமரத்துச் சந்தையில் விற்பது அவள் பிழைப்பு. பஸ்ஸில் போனால் கிழங்கு ஈரம் காயாமல் போய்ச் சேரும். நடந்து போனால் செங்கமலம் போய்ச் சேருவாள், கிழங்கு வழியிலேயே அழுகிவிடும். புருஷன் ஒரு வெள்ளத்தோடு போனவன், திரும்பவில்லை. வீட்டில் இன்னும் ஓடு கெட்டிப்படாத பிள்ளைகள். பஸ் வந்தால்தான் அந்த வீட்டில் சோறு.

காட்டுக்கு நடுவே மிருகங்கள் நெருக்கியடித்து வாழ்ந்ததால் அந்த இடத்தை நகரம் என்று சொல்லிக்கொண்டார்கள். நகரம் என்றால் பஸ் வேண்டுமல்லவா? இருந்தது. இருமிக்கொண்டே வரும். ஜன்னல் ஏறினால் இறங்காது, இறங்கினால் ஏறாது. மழை வெளியே விட்ட பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் பெய்யும். குளத்துமேட்டு பஸ்ஸை ஓட்டியவன் காத்தமுத்து என்கிற எருமை. கண்டக்டர் மாசிலாமணி என்கிற கொக்கு. ஒற்றைக் காலில் நின்று பழகியவன் என்பதால் எவ்வளவு கூட்டத்திலும் அவனுக்கு இடம் கிடைத்துவிடும். வண்டி எப்படி இருந்தால் என்ன, கை காட்டினால் நின்றது. ஒரு பஸ்ஸிடம் அதைவிட வேறென்ன கேட்பது?

இந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பஸ் வந்ததும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட வேண்டும். துண்டு விழுந்த இடம் போட்டவருடையது. அவர் சாவகாசமாக ஏறி வரும்வரை, யானையே ஆனாலும் பக்கத்தில் நின்றுகொண்டுதான் வர வேண்டும். "துண்டு போட்டிருக்கு" என்று ஒரு முயல் சொன்னால் புலிகூட "சரிப்பா" என்று நகர்ந்துவிடும். கடித்துத் தின்றதற்கெல்லாம் அந்தக் காட்டில் மன்னிப்பு உண்டு. அடுத்தவர் துண்டை எடுத்துக் கீழே போட்டதற்குக் கிடையாது. ஏன் தெரியுமா? சிங்கம் ராஜாவானதே அப்படித்தான். முன்னொரு காலத்தில் ராஜா உட்காருகிற பாறை காலியானது. புலியும் கரடியும் யார் பெரியவர் என்று கட்டிப் புரண்டுகொண்டிருக்கும்போது, இந்தச் சிங்கத்தின் தாத்தா சத்தமில்லாமல் போய்ப் பாறைமேல் துண்டைப் போட்டுவிட்டார். அவ்வளவுதான், பரம்பரை ஆட்சி.

செங்கமலத்தால் துண்டை வீச முடியாது. அதனால் கூடைக்குச் சும்மாடாகச் சுருட்டி வைக்கிற சிவப்புக் கட்டம் போட்ட துண்டை மாசிலாமணியிடம் கொடுப்பாள். அவன் முன் சீட்டில் போட்டு வைப்பான். அவள் படிக்கட்டு ஏறி வருவதற்குள் பாதி வண்டி ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடும். ஒருவரும் முணுமுணுத்ததில்லை. துண்டு போட்டிருக்கிறதே!

ஒருநாள் மாசிலாமணி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"அக்கா, பஸ்ஸையெல்லாம் இனிமே என்ன பண்றதுன்னு ஊரைக் கூட்டிக் கேக்கப் போறாங்களாம்."

"கேக்கட்டுமே தம்பி. நல்லதுதானே?"

"என்ன நல்லது? நம்ம ரூட்டு நஷ்டமாம், நிறுத்திடலாம்னு பேச்சு. நீங்க வந்து, நிறுத்தக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுங்க. ஸ்டாப்பு ஆள் நேர்ல வந்து ஆட்சேபம் சொன்னா நிறுத்த முடியாது. சட்டம் அப்படி."

"ஒருவேளை நான் வர முடியாமப் போச்சுன்னா?"

"ஆள் வராத ஸ்டாப்பைப் பத்திப் பேசவே கூடாது, தள்ளித்தான் வைக்கணும். ஆனா தள்ளி வச்சா மறுபடி எடுப்பாங்க. நீங்க வந்து பேசிட்டா ஒரேயடியாத் தீந்துச்சு."

"வர்றேன். ஆனா நான் வண்டியை விட்டு இறங்கி பந்தலுக்குள்ள வர்றதுக்குள்ள முன்வரிசையெல்லாம் போயிடுமே. பின்னால நின்னா நான் கண்ணுக்கே தெரிய மாட்டேன்." அன்று சந்தை முடிந்து குளத்துமேட்டில் இறங்கும்போது துண்டை அவனிடமே விட்டுவிட்டாள். "கூட்டத்துல எனக்கு ஒரு இடம் போட்டு வை தம்பி."

"இதைச் சொல்லணுமாக்கா?" என்றான் அவன்.

இதில் ஏதாவது தப்பு தெரிகிறதா? அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்துவிட்டதென்றால் நீங்கள் அந்தக் காட்டுக்காரர் இல்லை.

கூட்டத்தன்று பிள்ளைகள் அவள் ஓட்டைத் தேய்த்துக் கழுவிவிட்டார்கள். ஸ்டாப்பில் நின்றபடி பேச்சைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பெரிய பேச்செல்லாம் இல்லை. "பஸ் வேணும். வந்தா நிக்கணும்." அவ்வளவுதான்.

பஸ் வந்தது. முகப்பில் பேனர் கட்டியிருந்தது: 'பேருந்துகளின் எதிர்காலம், பொதுக் கருத்துக்கேட்பு, சிறப்புப் பேருந்து.' உள்ளே முழுக்க ஆடுகள். ஆளுக்கொரு புல் பொட்டலம் மடியில். செங்கமலம் கை காட்டினாள். வண்டி வேகம் குறையவே இல்லை.

"அக்கா, ஸ்பெஷல்! எங்கேயும் நிக்கக் கூடாதுன்னு ஆர்டர்!" என்று கத்தினான் காத்தமுத்து.

"அடேய், நானும் அந்தக் கூட்டத்துக்குத்தான்டா வரணும்!"

"அடுத்த வண்டில வாங்கக்கா!"

அடுத்த வண்டியும் ஸ்பெஷல். அதற்கடுத்ததும் ஸ்பெஷல். எந்த மகராசன் யோசித்தானோ, பஸ்ஸைப் பற்றிப் பேசுகிற கூட்டத்துக்கு ஆள் ஏற்றுவதற்காக ஊரில் ஓடுகிற பஸ் அத்தனையையும் எடுத்துவிட்டார்கள். தினமும் பஸ்ஸில் போகிறவர்கள் அத்தனை பேரும் அவரவர் ஸ்டாப்பில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார்கள். செங்கமலம் கொஞ்ச நேரம் புழுதியைப் பார்த்தாள். பிறகு நடக்க ஆரம்பித்தாள்.

பந்தலில் கூட்டம் ஜேஜே என்றிருந்தது. ஆடுகளை விட்டால் மற்றவர்கள் எல்லாம் பஸ் இல்லாமலே வந்து சேரக்கூடியவர்கள். கழுகு முதலில் பேசியது. மேலேயிருந்து பார்க்கும்போது பஸ்ஸெல்லாம் மிகச் சிறியதாகத் தெரிகிறது, இவ்வளவு சிறிய பிரச்சினைக்கு இவ்வளவு பெரிய பந்தல் தேவையா என்று கேட்டது. சிறுத்தை, பஸ் மெதுவாகப் போகிறது என்றது. "நீங்கள் ஏறியிருக்கிறீர்களா?" என்று யாரோ கேட்டதற்கு, "கூடவே ஓடிப் பார்த்திருக்கிறேன்" என்றது. மயில் எழுந்து, இனிமேல் மின்சார பஸ்தான் வேண்டும், குளிரூட்டியது, கதவு தோகை அகலத்துக்கு இருக்கட்டும் என்றது. மின்சாரமா டீசலா என்று ஒரு பாடு சண்டை. அது ஓய்வதற்குள் பச்சை வண்ணமா நீல வண்ணமா என்று அடுத்த சண்டை. பஸ்ஸின் பின்னால் ராஜா படம் சிரிக்கிற மாதிரியா, கர்ஜிக்கிற மாதிரியா என்பதில் இரண்டு குரங்குகளுக்குக் கைகலப்பே ஆகிவிட்டது. ஆடுகள் எல்லாவற்றுக்கும் கை தட்டின. மைக் கரகரத்ததற்கும் தட்டின. சிங்கம் மேடையில் தூங்கிக்கொண்டிருந்தது. பஸ் வருமா, வந்தால் நிற்குமா என்று மட்டும் ஒரு ஜென்மமும் கேட்கவில்லை.

கடைசியில் போக்குவரத்து மந்திரியான நரி மைக்கைப் பிடித்து, ஒவ்வொரு ஸ்டாப்பாகக் கூப்பிட்டது. எந்த ஸ்டாப்புக்கும் ஆள் இல்லை. "தள்ளிவைக்கிறோம், தள்ளிவைக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தது.

"குளத்துமேடு. ஆள் உண்டா?"

அதற்கும் ஆள் இல்லை. நரிக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த ரூட்டு வண்டியை மலையடிவார மாளிகைக்கு வரும் அரண்மனை விருந்தாளிகளுக்கு விடுவதாக அது ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தது. இதையும் தள்ளிவைப்பதா என்று உதட்டைக் கடித்தபோதுதான், முன்வரிசையில் ஒரு நாற்காலியில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு கண்ணில் பட்டது.

"அது யாருடைய துண்டு?"

ஓரமாக நின்ற மாசிலாமணிக்குப் பெருமை தாங்கவில்லை. "குளத்துமேட்டுச் செங்கமலம் அக்காவோடதுங்கய்யா! வந்துக்கிட்டே இருக்காங்க. நான்தான் இடம் போட்டு வச்சேன்."

"அப்படியா? துண்டு போட்டிருந்தால் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரிதானே தம்பி?"

மாசிலாமணி அலகைத் திறந்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஆமாம் என்றால் அக்கா கெட்டாள். இல்லை என்று சொல்லலாம் என்று மேடையைப் பார்த்தான். துண்டு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சிங்கம் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தது. அந்தக் கண்ணுக்கு முன்னால் துண்டு வேறு ஆள் வேறு என்று சொல்ல அந்தக் காட்டில் எவனுக்குத் துணிச்சல் உண்டு?

"மாதிரிதாங்கய்யா" என்றான்.

நரி மேடையை விட்டு இறங்கி வந்து, நாற்காலிக்கு முன்னால் மரியாதையாகக் குனிந்தது. "செங்கமலம் அம்மா, உங்கள் ரூட்டை நிறுத்துவதில் உங்களுக்கு ஆட்சேபம் ஏதாவது உண்டா?"

துண்டு ஒன்றும் சொல்லவில்லை. மின்விசிறிக் காற்றில் அதன் ஓரம் லேசாக ஆடியது.

"சம்மதம் என்று தலையாட்டுகிறார்கள்!" என்றது நரி. ஆடுகள் பந்தல் அதிரக் கை தட்டின.

அதோடு விட்டதா? இன்றைக்கு வந்த பஸ்ஸெல்லாம் எங்கும் நிற்கவில்லை, எல்லாம் நிறைந்து வந்தன, ஆகவே நிற்பதால்தான் நஷ்டம் என்று நரி கண்டுபிடித்தது. நாளையிலிருந்து எந்த பஸ்ஸும் வழியில் நிற்காது என்று தீர்மானம் போட்டு, தேசியகீதம் பாடிக் கூட்டத்தை முடித்தார்கள்.

மறுநாள் செங்கமலம் வந்து சேர்ந்தபோது பந்தல் காலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மாசிலாமணி துண்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு காலையும் நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் இரண்டு காலையும் கீழே வைத்து அவள் பார்த்ததே இல்லை.

"என்னை அடிங்கக்கா" என்று துண்டை அவளிடம் கொடுத்து, எல்லாவற்றையும் சொல்லி அழுதான்.

"உன்னை அடிச்சு என்னடா ஆகப்போவுது?" செங்கமலத்துக்கும் அழுகை வந்துவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லலாம்னு கால் தேய நடந்து வந்தேனே. எனக்கு முன்னாடி என் துண்டு வந்து உக்காந்து, வாயைத் திறக்காம என் பிழைப்பைக் கெடுத்திடுச்சே!"

அந்தப் பக்கம் வந்த நரி அவளைப் பார்த்து முகம் மலர்ந்தது. "அடடா, குளத்துமேட்டிலிருந்து நடந்தேவா வந்தீர்கள்?"

"நடந்துதான் வந்தேன். எனக்கு ஆட்சேபம் இருக்குங்கய்யா. பஸ் வேணும்."

"நடந்தே வர முடிகிறதே அம்மா, அப்புறம் எதற்கு பஸ்? அதுவும் போக, நேற்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து சம்மதித்தீர்கள். இன்றைக்கு வந்து ஆட்சேபம் என்கிறீர்கள். நாங்கள் எந்தச் செங்கமலத்தை நம்புவது?"

அவள் பதில் யோசிப்பதற்குள் கழுத்தில் ஒரு மாலை விழுந்தது. யாரோ போட்டோ எடுத்தார்கள். அவள் பாதி வழி திரும்பி நடப்பதற்குள், அரண்மனை விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு அவளுடைய பழைய பஸ் அவளைத் தாண்டிப் போனது. பின்பக்கம் ராஜா படம் இல்லை. மாலை போட்ட செங்கமலம் படம். கீழே கொட்டை எழுத்தில்: 'நடப்போம், நலம் பெறுவோம்.'

தன் முகமே தன்மேல் புழுதி அடித்துவிட்டுப் போனதும் செங்கமலத்துக்குத் துக்கமெல்லாம் போய்க் கோபம் வந்தது. பிள்ளைகள் தனியாக என்ன தின்றதுகளோ! பஸ் மாளிகையில் ஆளை இறக்கிவிட்டு, வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு இந்த வழியாகத்தான் திரும்பும். அடுத்த நடைக்கு மறுபடி குளத்துமேடு பக்கம் போகும். அவள் அன்று முழுக்க யோசித்தாள். பிறகு துண்டை எடுத்து, நன்றாக உதறி, நடுரோட்டில் விரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பஸ் வந்தது. காத்தமுத்து அடித்த பிரேக்கில் விருந்தாளிகள் எல்லாம் முன் கண்ணாடியில் வந்து அப்பினார்கள்.

"ஏன்டா நிறுத்தினே? அது மேல ஏத்திட்டுப் போடா!" என்று ஒரு கரடி கத்தியது.

"துண்டு போட்டிருக்குங்க" என்றான் காத்தமுத்து.

கரடி எட்டிப் பார்த்தது. போட்டுத்தான் இருந்தது. "சரிப்பா" என்று உட்கார்ந்துவிட்டது.

மாசிலாமணி பறந்து இறங்கினான். "ஏறுங்கக்கா! நிக்கக் கூடாதுன்னுதான் ஆர்டர். துண்டு மேல ஏத்தணும்னு ஆர்டர் இல்லை!" அவள் எப்போதும்போல நிதானமாக ஏறினாள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

சேதி பரவ எவ்வளவு நேரம்? ஸ்டாப்புக்கு ஸ்டாப் நடுரோட்டில் துண்டு விழுந்தது. கட்டம் போட்டது, கரை வைத்தது, கிழிந்தது. விழுந்த இடத்திலெல்லாம் பஸ் நின்றது. நரி அலறியடித்துக்கொண்டு சிங்கத்திடம் ஓடியது. "ராஜா, சாலையில் கிடக்கிற துண்டுக்கு மதிப்பில்லை என்று உடனே ஒரு உத்தரவு போட வேண்டும்!"

சிங்கம் முதன்முறையாக இரண்டு கண்ணையும் திறந்தது. குனிந்து, தனக்கு அடியில் பாறைமேல் நைந்து கிடந்த தாத்தாவின் துண்டைப் பார்த்தது.

"இன்னைக்கு அந்தத் துண்டுக்கு மதிப்பில்லைன்னா, நாளைக்கு நான் எங்கேய்யா உக்கார்றது?" என்றது.

நரி திரும்பி வந்து, இதெல்லாம் தன்னுடைய திட்டம்தான் என்று அறிவித்து, குளத்துமேட்டில் இன்னொரு கல் நட்டுத் திறந்துவைத்தது. கூரை இன்னும் போடவில்லை. செங்கமலம் தினமும் காலையில் ரோட்டில் துண்டை விரிக்கிறாள், பஸ் நிற்கிறது, நடந்தால் நலம் என்று பின்பக்கத்தில் தன் படமே சொல்லிக்கொண்டிருக்கிற அந்த பஸ்ஸில் ஏறிச் சந்தைக்குப் போகிறாள். கிழங்கு அழுகுவதில்லை.

நீதி: கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வந்து சேர முடிந்தவருக்கு பஸ் தேவையில்லை, வந்து சேர முடியாதவருக்குக் குறையே இல்லை. ஆகவே துண்டை நாற்காலியில் போட்டு வீணாக்காமல், நேரே நடுரோட்டில் போடவும்.