நூறு சதவீதம் மீண்ட ஊர்

போதை மறுவாழ்வு மையம் என்பது போதையில் இருப்பவர்களுக்காகக் கட்டப்படுவது என்று படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது தவறான கருத்து. தவறானது மட்டுமல்ல, நிர்வாகத்துக்கு இடைஞ்சலானதும்கூட. போதையில் இருப்பவர்களை உள்ளே விட்டால் ஒரு மையம் என்ன பாடுபடும் என்பதை ஒரு கணம் யோசித்துப் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

எங்கள் ஊர் முடிதிருத்துபவர் அப்படி யோசிக்காதவர். கடைத்தெரு முனையில் அவருக்கு ஒரு கடை. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. இரண்டு வருடமாக அவருக்கு இருமல் மருந்துப் பழக்கம். இருமல் கிடையாது. தினம் மூன்று பாட்டில். குடிகாரனைத் தெருவில் நிறுத்தித் திட்டலாம். இருமல் மருந்து குடிப்பவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்ல முடியும். இந்த அக்கறையின் நிழலில் பழக்கம் செழித்து வளர்ந்தது. கை ஆடத் தொடங்கியது. ஒருநாள் மனைவியின் அண்ணனான மச்சானுடைய மீசையில் வலது பாதி போய்விட்டது. மச்சான் பேருந்து நடத்துநர். அன்றைக்கு எல்லா நடையிலும் பயணிகள் அவருடைய இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டார்கள்.

மாலையில் முடிதிருத்துபவரின் மனைவி தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மையத்தில் சேர்ந்து, மீண்டுவிட்டேன் என்று சான்றிதழோடு வந்தால் திரும்பி வருகிறேன் என்பது அவள் வைத்த நிபந்தனை.

மறுநாள் காலை முதல் ஆளாக அவர் மையத்தின் பொறுப்பாளர் முன்னால் உட்கார்ந்தார். பொறுப்பாளர் படிவத்தை எடுத்தார்.

"விட முடியுமா?"

"முடியலைன்னுதான் சார் வந்திருக்கேன்."

பொறுப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"முடியாதவரை எப்படிச் சேத்துக்கறது? எங்க வெற்றி விகிதம் எழுபதுக்குக் கீழ போனா மையத்தையே மூடிடுவாங்க. மையத்தை மூடிட்டா உங்களை மாதிரி ஆளுங்க எங்க போவாங்க? அதை யோசிச்சீங்களா?"

முடிதிருத்துபவர் யோசித்திருக்கவில்லை. அதற்காக வருத்தமும் தெரிவித்தார்.

"விட்டுட்டு வாங்க. அன்னைக்கே சேத்துக்கறேன்," என்றார் பொறுப்பாளர்.

ஆனாலும் பத்துப் படுக்கைகளை நிரப்பியாக வேண்டும். பொறுப்பாளர் இரண்டு நாள் யோசித்து, தோல்வியடைய வாய்ப்பே இல்லாத ஒருவரைக் கண்டுபிடித்தார். அவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்; டீகூடக் குடிக்காதவர். சேர்ந்த அன்றைக்கே முழுமையாக மீண்டிருந்தார். விதிப்படி இருபத்தொரு நாள் இருக்க வேண்டும் என்பதால் இருந்தார். போகும்போது தங்க நிறக் கரை போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினார்.

அவ்வளவுதான், ஊர் விழித்துக்கொண்டது. சான்றிதழ் வைத்திருப்பவர் போதையிலிருந்து மீண்டவர். அதாவது மனஉறுதி நிரூபிக்கப்பட்டவர். சான்றிதழ் இல்லாதவர் வெறுமனே குடிக்காதவர். அவர் நாளைக்குக் குடிக்கமாட்டார் என்பதற்கு என்ன ஆதாரம்? பெண் கொடுப்பவர்கள் இதைக் கேட்டார்கள். வீடு வாடகைக்கு விடுபவர்கள் கேட்டார்கள். பரிசோதகராகப் பதவி உயர்வு கேட்ட நடத்துநர் மச்சானிடம் போக்குவரத்து அலுவலகமும் கேட்டது. சிகரெட் வாசனைகூடத் தெரியாத கனவான்கள் சிபாரிசுக் கடிதங்களோடு மைய வாசலில் வரிசையில் நின்றார்கள்.

இவர்களுக்கு மருந்து தேவையில்லை என்று நினைப்பது இன்னொரு தவறான கருத்து. ஒவ்வொரு படுக்கைக்கும் மாதாமாதம் தூக்க மாத்திரை வந்துகொண்டிருந்தது. இந்த வருடம் மிஞ்சினால் அடுத்த வருடம் குறைத்துவிடுவார்கள். எனக்குத்தான் ஒன்றுமில்லையே என்று தலைமை ஆசிரியர் கேட்டதற்கு, அந்த நிலைமை நீடிப்பதற்குத்தான் மாத்திரை என்று பொறுப்பாளர் விளக்கினார். காலை இரண்டு, இரவு இரண்டு. அப்படியும் மிஞ்சியதைப் பொறுப்பாளரே பொறுப்போடு விழுங்கித் தீர்த்தார். வீடு திரும்பியவர்களுக்கு மாத்திரை இல்லாமல் தூக்கம் வரவில்லை. ஆகவே அதே மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டார்கள். காலை வேளையில் அவர்களுடைய தலை லேசாக ஆடும். எதிரில் இருப்பவர் சொல்வதையெல்லாம் ஆமோதிப்பதுபோல இருந்ததால் ஊரில் சண்டை சச்சரவு வெகுவாகக் குறைந்தது.

முடிதிருத்துபவருக்கும் மையத்தில் இடம் கிடைத்தது, வேலையாளாக. சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு புகைப்படம் எடுக்க வேண்டும். முன் படத்துக்காகக் கனவான்கள் ஒரு வாரம் தாடி வளர்த்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, கூச்சத்தோடு சோகமாக நின்றார்கள். பின் படத்துக்கு முகம் மழிக்க ஆள் வேண்டியிருந்தது. கத்தி கூடாது, மிஷினில்தான் எடுக்க வேண்டும் என்று மையத்து நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தினமும் காலையில் அறிவுரை வகுப்பு நடக்கும். முன்வரிசைகள் ஆமோதித்தபடியே தூங்கும். கடைசியில் சவரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதை நர்ஸ் கவனித்தார். வகுப்பு முடிந்ததும் அவரைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டு ஓர் அளவுக் கரண்டியைக் கொடுத்தார்.

"பாட்டிலோட குடிக்காதீங்க. இதுல அளந்து குடிங்க. எப்போ குறைக்கணும், எவ்வளவு குறைக்கணும்னு நான் சொல்றேன். வீம்புக்குத் திடீர்னு நிறுத்திடாதீங்க."

இந்தச் சிகிச்சை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நான்கு மாதம் நடந்தது. நடுவில் இரண்டு முறை அவர் பழையபடி பாட்டிலைக் கவிழ்த்தார்; இரண்டு முறையும் பின்வாசலுக்கு வந்து தலைகுனிந்து சொன்னார். நர்ஸ் திட்டவில்லை, கரண்டியைக் கழுவிக் கையில் கொடுத்தார். ஐந்தாம் மாதம் மருந்தும் நின்றது, கை ஆட்டமும் நின்றது. அவர் நேராகப் பொறுப்பாளரிடம் போய்ச் சான்றிதழ் கேட்டார்.

"நம்ம மாத்திரை சாப்பிடாமலா விட்டீங்க?" பொறுப்பாளர் முகம் சுருங்கியது. "இப்படி ஆளாளுக்குத் தன்னிச்சையா மீண்டா நாட்டுல ஒழுங்கு எப்படி இருக்கும்? சரி, போனது போகட்டும். இருபத்தொரு நாள் படுத்து மாத்திரை சாப்பிடுங்க, தர்றேன்."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நர்ஸ், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அந்தக் கட்டடத்தில் காரணத்தோடு ஆடிய தலை அது ஒன்றுதான். முடிதிருத்துபவர் கும்பிட்டுவிட்டு எழுந்துவந்தார்.

சான்றிதழ் கிடைக்காது, ஆனால் கை ஆட்டம் நின்றுவிட்டது என்று மனைவிக்குப் போன் செய்து சொன்னார். அவள், ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள்.

"கத்தியாலேயே சவரம் பண்ணுங்க. ஒரு கீறல் விழுந்தாலும் அப்படியே திரும்பிப் போயிடுவேன்."

அண்ணன் இதற்குள் மையத்தில் படுத்து, சான்றிதழ் வாங்கி, பரிசோதகர் ஆகிவிட்டிருந்தார். அவர் தலை ஆடுவதை யாரும் கவனிக்கவில்லை. பேருந்தில் எல்லோருடைய தலையும்தான் ஆடுகிறது. வீட்டில் தங்கை சொன்னதற்கெல்லாம் அவர் ஆமாம் போட்டுவந்தார். பதவி வந்ததும் பணிவும் வந்துவிட்டது என்று அவள் மகிழ்ந்திருந்தாள்.

ஞாயிறு காலை அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கை பெஞ்சில். முடிதிருத்துபவர் நுரை பூசி, மடக்குக் கத்தியை விரித்துக் கன்னத்தில் வைத்தார். முதல் இழுப்பிலேயே தாடையில் ரத்தம். அடுத்தது காதடியில்.

"பாத்தியா? மாப்ளைக்குக் கை இன்னும் ஆடுது," என்றார் அண்ணன்.

"என் கை ஆடல மச்சான். உங்க தலைதான் ஆடுது."

"எனக்கு எப்படி ஆடும்? சான்றிதழ் இருக்கு. உங்ககிட்ட இருக்கா?"

அண்ணன் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துப் பிரித்தே காட்டிவிட்டார். தங்க நிறக் கரை சடசடவென்று அடித்துக்கொண்டது. மனைவி பெஞ்சிலிருந்து எழுந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசலுக்குத் திரும்பும்போது கண்ணாடி அவள் கண்ணில் பட்டது. அதில் கத்தி அந்தரத்தில் வைத்த இடத்திலேயே நின்றிருந்தது. அண்ணன் முகம்தான் தானாகப் போய்ப்போய் அதை உரசிவிட்டு வந்துகொண்டிருந்தது.

அவள் பையைக் கழற்றிவைத்துவிட்டு நாற்காலிக்குப் பின்னால் போனாள். ஊசிக்கு அடியில் துணியை அமுக்கிப் பிடிப்பதுபோல அண்ணன் தலையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இப்ப பண்ணுங்க."

அதன்பிறகு ஒரு கீறல்கூட விழவில்லை.

மாலையில் தையல் மிஷின் வீட்டுக்குத் திரும்பியது. அந்த வாரமே கடை வாசலில் 'தலை பிடிக்க ஆள் உண்டு' என்று ஒரு பலகை தொங்கியது; பெஞ்சுகளும் இரண்டாயின. புதன்கிழமை காலை மையத்தின் பொறுப்பாளர், தாடையில் மூன்று பிளாஸ்திரிகளோடு வந்தார். முடிதிருத்துபவரின் மனைவி அவருக்கு இரண்டாவது பெஞ்சின் கோடியைக் காட்டினாள். அவருக்கு முன்னால் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தோம்.